நிலாவுக்கு எந்தப் பக்கம் கால்?

சலூன்காரர்: ...தலையை ஆட்டாதீங்க சார். காதுகிட்ட கத்தரி இருக்கு.

வந்தவர்: ஆட்டலையே. பின்சுவர்ல என்னமோ படம் ஒட்டியிருக்கே, அதைப் பாத்தேன்.

சலூன்காரர்: அதுவா? சீன எழுத்து சார். என் பொண்ணு வாலு பள்ளிக்கூடத்துல சீனம் படிக்கிறா, அங்க குடுத்த படம். ஒண்ணாங்கிளாஸ்தான். எங்க குடும்பத்துல யாரும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்ல. இவ என்னடான்னா படம் படமா எழுதித் தள்றா.

வந்தவர்: நல்லா எழுதுவாளா?

சலூன்காரர்: இங்க சிங்கம். பள்ளிக்கூடத்துல மட்டும் தப்பாம்.

வந்தவர்: யாரு சொன்னா?

சலூன்காரர்: அவ சீன வாத்தியார்தான். வர்ற வாரம் சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு இறக்கிடுவாராம். கேட்டதுலேருந்து பிள்ளைக்குச் சோறே இறங்கல. எனக்கும்தான்.

வந்தவர்: வாத்தியாரைப் போய்ப் பாத்திருக்கலாமே. கூப்பிட்டிருப்பாரே?

சலூன்காரர்: கூப்பிட்டாரு... கடையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? அதுவுமில்லாம, படிச்சவங்க முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.

வந்தவர்: இப்ப நல்லாத்தானே பேசறீங்க.

சலூன்காரர்: இது என் கடை சார். கத்தரி என் கையில இருக்கு. குனிங்க.

வந்தவர்: ஓரத்துல லேசா எடுத்தாப் போதும்னு சொன்னேன்...

சலூன்காரர்: இந்தப் பக்கம் ஒரு நூல் ஏறிடுச்சு. அந்தப் பக்கமும் சமமாக்கணும்ல.

வந்தவர்: இப்பத்தானே சமமாக்கினீங்க. ம்... அந்த வாத்தியார் பக்கமும் ஏதாவது நியாயம் இருக்கும். போர்டைப் பாத்து எழுதினா எல்லாம் சரி. பாக்காம எழுதச் சொன்னா மலைங்கற எழுத்து சரி, மரம் சரி... நிலாவும் கையும் மட்டும் திரும்பிக்குது.

சலூன்காரர்: உங்களுக்கு எப்படி சார் தெரியும்?

வந்தவர்: இல்ல... பொதுவா குழந்தைங்க அப்படித்தானே.

சலூன்காரர்: மத்தக் குழந்தைங்க எப்படியோ. இவ எழுதறதை நானே தினமும் சரிபாக்கறேன். முடி வெட்டிக்கிட்டே, அந்தப் படத்தோட ஒப்பிட்டு, எழுத்து எழுத்தா. அச்சு அசல்.

வந்தவர்: பொண்ணு எங்க இப்ப?

சலூன்காரர்: அம்மாகூட செருப்பு வாங்கப் போயிருக்கா. வந்துடுவா. அதுக்குள்ள சவரமும் பண்ணிடலாம்.

வந்தவர்: வேண்டாங்க, காலையிலதான்...

சலூன்காரர்: நுரை போட்டாச்சு சார்.

வாலு: அப்பா, செருப்பு பாரு. நடந்தா கீச்சுனு கத்துது.

சலூன்காரர்: கத்தட்டும், கத்தட்டும். வா, பக்கத்து நாற்காலியில ஏறி எழுது. மாமாவுக்கு வணக்கம் சொல்லு.

வாலு: மாமா மூஞ்சி எங்க?

சலூன்காரர்: நுரைக்குள்ள இருக்கு. நீ எழுது.

வாலு: நிலா எழுதறேன். அப்புறம் கை... அப்புறம் கத்தி...

வந்தவர்: ம்ம்... ம்ம்ம்.

சலூன்காரர்: பேசாதீங்க சார், கழுத்துல கத்தி.

வந்தவர்: ம்ம்ம்ம்.

சலூன்காரர்: சரி, எடுத்துட்டேன். சொல்லுங்க.

வந்தவர்: பாப்பா எதைப் பாத்து எழுதுது?

சலூன்காரர்: படத்தைப் பாத்துதான்.

வந்தவர்: படம் நம்ம முதுகுக்குப் பின்னாடி இருக்கு. அவ முன்னாடியில்ல பாக்கறா?

சலூன்காரர்: அதான் கண்ணாடியில தெரியுதே சார். நானும் இங்க நின்னு அதுலதான்...

வந்தவர்: சொல்லுங்க.

சலூன்காரர்: ...அதுலதான் சரிபாப்பேன்.

வந்தவர்: பாப்பா, நிலாவுக்கு எந்தப் பக்கம் கால் வளையும்?

வாலு: கடையிலயா, ஸ்கூல்லயா?

வந்தவர்: ரெண்டும் வேறயா?

வாலு: ஆமா. கடை நிலாவுக்கு இந்தப் பக்கம். ஸ்கூல் நிலாவுக்கு அந்தப் பக்கம். எனக்குக் கடை நிலாதான் நல்லா ஞாபகம் இருக்கு.

வந்தவர்: அப்படியே திரும்பி சுவரைப் பாரு.

வாலு: ...அப்பா, அங்க ஸ்கூல் நிலா ஒட்டியிருக்கு.

சலூன்காரர்: அட கடவுளே. நான்தான் அங்க ஒட்டினேன். அப்ப மலையும் மரமும் மட்டும் எப்படி சார் தப்பிச்சுது?

வந்தவர்: அதெல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கும். எப்படித் திருப்பினாலும் மாறாது.

வாலு: மாமா... உங்க குரல் எங்க சார் குரல் மாதிரியே இருக்கு.

வந்தவர்: துண்டு குடுங்க, முகத்தைத் துடைச்சுக்கறேன்... ம், இப்ப பாரு.

வாலு: சார்தான்! அப்பா, இது எங்க சார்!

வந்தவர்: நானேதான். நீ எங்கயும் போக வேண்டாம், உன் வகுப்புலயே இரு. எழுத்தெல்லாம் உனக்கு நல்லாத் தெரியுது. திசைதான் மாறியிருக்கு, ஒரு வாரத்துல சரியாயிடும். அவசரப்பட்டது நான்தான்.

வாலு: சின்ன வகுப்பு இல்லையா?

வந்தவர்: இல்ல.

வாலு: அம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்.

சலூன்காரர்: மெதுவா ஓடு, புதுச் செருப்பு.

வந்தவர்: நீங்க மன்னிக்கணும். யாருன்னு சொல்லாம வந்து உக்காந்துட்டேன். கூப்பிட்டும் வராத அப்பா எப்படிப்பட்டவர்னு பாத்துட்டுப் போகலாம்னு... ஆமா, என் தலையில முடியே இல்லையே? ஓரத்துல லேசான்னுதானே சொன்னேன்?

சலூன்காரர்: உக்காந்து பேச ஆரம்பிச்சதுமே தெரிஞ்சு போச்சு சார். நீங்க பேசப் பேச, போர்த்தின துணிக்குள்ள உங்க விரல் எழுதிக்கிட்டே இருந்துச்சு. வாலு உங்களை மாதிரி நடிச்சுக் காட்டறப்ப அதைத்தான் செய்வா. அவ எழுதறதை நீங்க ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்னு நினைச்சேன்... கடைக்குப் போனவங்க வர நேரமாயிடுச்சு. அதுவரைக்கும் உங்களை உக்கார வைக்க எனக்கு வேற என்ன சார் தெரியும்? வெட்டிக்கிட்டே இருந்தேன்.