டிரைவர் பக்கத்துக் கதவு

அட, தொடுங்க மச்சான், ஒண்ணும் ஆகாது. கண்ணாடித் தூள் மட்டும் பார்த்து. உங்க தங்கச்சி செருப்பும் கைப்பையும் ஷெட்டுக்காரர் பின்சீட்ல எடுத்து வெச்சிருக்கார், போகும்போது வாங்கிக்கலாம். என்ன அவசரம்? அவளைத்தான் சுடுகாட்டுல கொண்டுபோய்ச் சேர்த்தாச்சே. முதல்ல வண்டியைப் பாருங்க.

முன்பக்கம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கா? அது நொறுங்கணும்னே செஞ்சதாம். இடியை எல்லாம் அதுவே வாங்கிக்கும், உள்ள இருக்கிறவன் வரைக்கும் விடாது. இப்போ இந்தக் கதவைத் திறங்க. டிரைவர் பக்கம். நோகாம திறக்குது பார்த்தீங்களா! நான் இறங்கி நடந்து வந்தேன் மச்சான். மோதின அதே நொடியில பெல்ட் சுருக்குனு பின்னாடி இழுத்துக்குச்சு, ஸ்டியரிங்ல இருந்து பை வெடிச்சு மூஞ்சியைத் தாங்கிக்கிச்சு. நெஞ்சுல குறுக்கால கொஞ்சம் கன்றிப்போச்சு, அவ்ளோதான். மூஞ்சி பூரா வெள்ளைப் பவுடர். ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்து நர்ஸே சிரிச்சுட்டாங்கன்னா பாருங்களேன்.

என்ன, அவ பக்கமா? அந்தப் பக்கமும் வெடிச்சுது. வெடிக்காம என்ன, நல்ல வண்டி. ஆனா பெல்ட் போட்டிருந்தாத்தான் அந்தப் பை தாங்கும். போடாதவங்களை எதிர்ல வந்து அறையும்.

ஏன் போடலைன்னா... நான் டைல்ஸ் விக்கிறவன், பக்கத்து சீட்ல எப்பவும் சாம்பிள் பெட்டி. அந்தக் கனத்துக்கு ஆள் உக்காந்திருக்குன்னு நினைச்சு வண்டி டிங் டிங்குனு கத்தும், பெல்ட் போடு பெல்ட் போடுன்னு. அதுக்குன்னே ஒரு கிளிப்பு விக்கிறான். பெல்ட்டோட நாக்கு மட்டும் தனியா. பெல்ட் மாட்டுற பூட்டுல அதைச் சொருகிட்டா வண்டி வாயை மூடிக்கும். பாதிப் பேர் வண்டியில இருக்கு, என்னை மட்டும் அப்படிப் பார்க்காதீங்க. அன்னைக்குப் பெட்டியை டிக்கியில போட்டுட்டு அவளை உக்கார வெச்சேன். கிளிப்பை எடுத்துட்டு பெல்ட் போட்டுக்கிறேன்னா. வேணாம்டி, ஏற்கெனவே ஒரு கிளிப்பைத் தொலைச்சவ நீ, அரைமணி நேரம் சும்மா வான்னேன். நியாயந்தானே?

செருப்புக்காகவா உங்களைக் கூப்பிட்டேன்? நாளைக்கு இன்ஸ்பெக்டர் உங்ககிட்டப் பேசுவார். என் தங்கச்சிக்குச் சின்ன வயசுல இருந்தே பெல்ட்டுன்னா ஆகாது, மூச்சு முட்டுதும்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கூடப் பொறந்தவர் சொன்னா எடுபடும். லைசென்ஸ் போச்சுன்னா என் பொழப்பே போச்சு. போனவ திரும்பி வரவா போறா?

பிடிவாதக்காரி மச்சான் அவ. உங்க வீட்டு வளர்ப்பு, கோவிச்சுக்காதீங்க. பாலம் தாண்டினதும் சத்தமில்லாம கிளிப்பைப் புடுங்கிட்டா. இந்தக் கையில அதைப் பொத்திக்கிட்டு அந்தக் கையால பெல்ட்டை இழுக்கிறா. இன்னும் ஒரு சாண் இழுத்திருந்தா மாட்டியிருப்பா. அதுக்குள்ள டிங் டிங்குனு ஆரம்பிச்சுது. எனக்குத்தான் அந்தச் சத்தம் ஆகாதே. குடுடி இப்படின்னு அவ விரலைப் பிரிக்கக் குனிஞ்சேன். ஒரே நொடி. நிமிர்ந்தா முன்னாடி நின்ன லாரி. இதெல்லாம் இன்ஸ்பெக்டர்கிட்ட வேணாம், உங்களோட இருக்கட்டும்.

அப்பவும் கையை விடலை பாருங்க. ஆஸ்பத்திரியில அவ விரலைப் பிரிச்சுத்தான் கிளிப்பை எடுத்துக் குடுத்தாங்க. இதோ, ஒரு கீறல் இல்ல. அடுத்த வண்டிக்கு ஆகும்.