இருபத்து மூன்றாவது கை

— இருபத்திரண்டு கை, போடில். ரெண்டு தடவை எண்ணினேன். உக்காந்திருந்தது இருபத்திமூணு பேர், மேல வந்தது இருபத்திரண்டு கை. உன் கை மட்டும் மேசைக்கு அடியில என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு, நான் கேக்குறேன்?

— மடியில சும்மா இருந்துச்சு, அஸ்கெர். சரி விடு. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு.

— எங்க விடுறது? சங்கத்துப் பேர்ல ஒரு கடிதம் போகணும்னா வந்தவங்க அத்தனை பேரும் ஒத்துக்கணும். பத்தொன்பது வருஷமா அதான் விதி. அந்த விதியை எழுதினதே நீதான்! கடிதம் வேணாம்னா, வேணாம்னு கேட்டப்பவாவது தூக்கியிருக்கலாம். அதுக்கும் தூக்கல, இதுக்கும் தூக்கல. கல்லு மாதிரி உக்காந்திருந்த.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நகந்து நின்னு சண்டை போடுங்க. இந்த மேசையை மடிக்கணும். நாலு மணிக்கு நூலகத்தைச் சாத்திடுவாங்க, அறைச் சாவி என் பேர்ல இருக்கு.

— விகோ, நீயே சொல்லு. நீ கை தூக்கினியா இல்லையா?

— தூக்கினேன். நீ முறைச்ச முறைப்புல கேக் வெட்டுற கத்தியோடயே தூக்கிட்டேன். எனக்கெதுக்கு வம்பு? ஹைரேல நான் வரையிறது எங்க படகு கிளப் நோட்டீஸ் மட்டும்தான்.

— கேட்டியா போடில்? நோட்டீஸ் போடுறவனுக்கே புரிஞ்சிருக்கு. மத்த படம் வரையிற புரோகிராமெல்லாம் மினுக்கிக்கிட்டு எங்கெங்கயோ போனப்ப, ஹைரே மட்டும்தான் நம்ம கை போன வழியில கோடு போட்டுச்சு. கை கோணினா கோடும் கோணும். அதுக்காகத்தானே இந்தச் சங்கத்தையே ஆரம்பிச்சோம்? இப்ப ஒன்பதாவது வெர்ஷன்ல ‘துணைக்கை’ன்னு ஒண்ணைக் கொண்டாந்து நடு வீட்டுல உக்கார வெச்சிருக்காங்க. பேனாவை எப்படி இழுத்தாலும் அது பிடிச்சு, சீவி, வழவழன்னு ஆக்கிக் குடுக்குது. அப்புறம் வரையிறது யாரு? நானா, அதுவா?

— எனக்கும் எரிச்சல் இல்லாம இல்ல. என் பழைய தூரிகையைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு முழு நாள் ஆச்சு. திறந்த உடனே “இன்னைக்கு என்ன வரையலாம்?”னு வேற கேக்குது. என்ன வரையணும்னு எனக்குத் தெரியாதா? அதையெல்லாம் எழுது, மொத ஆளா நான் சரிங்கிறேன்.

— அதெல்லாம் சில்லறை விஷயம்.

— அப்ப துணைக்கைக்கு ஒரு பொத்தான் வைக்கச் சொல்லி எழுது. வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும், வேணாங்கிறவங்க அணைச்சுக்கட்டும். போன கூட்டத்துலயே இதைச் சொன்னேன். நீ குறிப்புல கூட எழுதல.

— எழுத மாட்டேன். பொத்தான் வெச்சா அது எப்பவும் போட்டபடியேதான் வரும். புதுசா வர்றவன் எவன் தேடிப் போய் அணைப்பான்? அஞ்சு வருஷத்துல சொந்தமா ஒரு வளைவு போடத் தெரிஞ்ச ஆளே இருக்க மாட்டான். இல்ல போடில், அது வேரோட போகணும். நான் பத்திரிகையில படம் போட்டுக்கிட்டிருந்தப்ப இப்படித்தான் ‘உதவிக்கு’ன்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க. உதவி வந்த ஆறாவது மாசம் பூங்கொத்து குடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்தப் பூங்கொத்தைப் பாத்ததுல இருந்து உதவின்னு சொன்னாலே எனக்கு வயித்தெரிச்சல்.

— தெரியும். அன்னைக்கு ராத்திரி நீ எங்க வீட்டுலதான் சாப்பிட்ட.

— அப்புறம் என்ன? கோபன்ஹேகன்ல ஹைரே கம்பெனிக்காரங்க திங்கக்கிழமை முடிவு பண்றாங்க. நம்ம சங்கம் ஒரே குரல்ல வேணாம்னா எடுத்துடறோம்னு எழுத்துல குடுத்திருக்காங்க. எழுத்துல! இந்த மாதிரி எவனாவது குடுப்பானா?

— குடுத்திருக்காங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு.

— ஃபிளாஸ்க்குல கடைசிக் காபி. குடிச்சீங்கன்னா கழுவிடுவேன். இந்தா அஸ்கெர். போடில், இந்தா.

— ஏன் விகோ, எனக்கு வழிய வழிய ஊத்திட்டு அவளுக்கு அரைக் கப்? இதுலயுமா கஞ்சத்தனம்?

— அவ அரைக் கப்தான் குடிப்பா.

— யாரு, இவளா? கூட்டத்துக்கு மூணு கப் குடிக்கிறவ!

— அது போன வருஷம். நீ மேல போற கையை மட்டும் எண்ணிக்கிட்டிரு, மத்ததெல்லாம் எங்க உன் கண்ணுல படப் போகுது? நான் கழுவப் போறேன்.

— இவனுக்கு என்ன வந்துச்சு? சரி, நேராவே கேக்குறேன். புது வெர்ஷன் வெளிய வர்றதுக்கு முன்னாடியே உனக்கு அனுப்பினாங்களாமே? உண்மையா?

— உண்மைதான். ஆகஸ்ட்ல வந்துச்சு. நான்தான் கேட்டு வாங்கினேன்.

— எங்க யாருக்கும் சொல்லாமயா?

— எப்படிச் சொல்ல? நீ அதுக்குள்ள அறிவிப்பைப் பாத்தே துணைக்கையைத் திட்டி மூணு பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்ட. எனக்குப் பறவைக் கையேட்டுக்குப் படம் போட்டு முடிக்கணும், அஸ்கெர். கரையோரப் பறவைங்க நூத்தி இருபதுன்னு ஒத்துக்கிட்டேன். இன்னும் நாப்பத்தோரு பறவை பாக்கி. அது நின்னா என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.

— அதைத்தானே நானும் சொல்றேன்! கடிதத்தோட ரெண்டாம் பக்கத்தைப் பாரு. எந்தப் படத்தை வெச்சிருக்கேன்?

— என் ஆள்காட்டிக் குருவி.

— அக்டோபர் கண்காட்சியில அதைப் பாத்த எடத்துலயே நின்னுட்டேன். அந்தக் கொண்டையைப் பாரு. ஒரே இழுப்பு! நுனி எங்க முடியணும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு. கீழ என்ன எழுதியிருக்கேன்னு படி.

— படிச்சேன்.

— சத்தமா படி.

— “இது மனுஷக் கை போட்ட கோடு. எந்தத் துணைக்கையும் இதைப் போட முடியாது.” அஸ்கெர், இந்தப் படத்தை எடுத்துடு.

— ஏன்?

— எடுத்துடு. உன்கிட்ட நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்ல. இதைக் கேக்குறேன்.

— கூச்சமாக்கும்! புதுசா ஒருத்தர் சேர்ந்தா நான் மொதல்ல என்ன சொல்றேன்? “போடிலோட கையைப் பாருங்க, அப்புறம் பேனாவைத் தொடுங்க.” சங்கத்துல பாதிப் பேர் உன் கையைப் பாத்துத்தான் வந்தாங்க. அந்தக் கையே மேல வரலைன்னா நான் யாரை வெச்சு இந்தச் சண்டையைப் போடுவேன்?

— இப்படியெல்லாம் நீ சொல்லிக்கிட்டே இருந்தா நான் எங்க வாயைத் திறக்குறது?

— இப்பத் திற. யாரும் இல்ல, நானும் நீயும்தான்.

— பொத்தான் வை, அஸ்கெர். அவ்வளவுதான்.

— பழைய பல்லவி. முடியாது. இந்தா பாரு, கை தூக்காட்டியும் பரவாயில்ல. கையெழுத்துப் போட்டா விதிப்படி செல்லும். இருபத்திரண்டு பேர் போட்டாச்சு, உன் எடம் மட்டும் காலியா இருக்கு. நீ போடலைன்னா நான் செயலாளர் வேலையை இன்னைக்கே விகோகிட்ட குடுத்துட்டுப் போயிடறேன். உன் வீட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன். முப்பது வருஷச் சிநேகிதம் ஒரு கோட்டுல நிக்குது.

— நான் போட்டா துணைக்கை போயிடும்.

— போயிடும்.

— நிச்சயமா?

— திங்கக்கிழமையோட போச்சு. நீதான் மனசு வைக்கணும்.

— குடு பேனாவை. காகிதத்தைப் பிடிச்சுக்கோ. ஒரு கை போதாது, ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடி.

— எதுக்கு இத்தனை அழுத்து அழுத்துற? மெதுவா... மத்தவங்க பேர் மேல போகுது பாரு! என்ன போடில் இது, வேணும்னே கிறுக்குறியா? ஒரு எழுத்து கூடப் படிக்க முடியல. நான் உசுரைக் குடுத்து எழுதின கடிதம், உனக்குக் கேலியா இருக்கா?

— கேலி இல்ல, அஸ்கெர். ரெண்டாம் பக்கத்துக் கொண்டையை நானும் துணைக்கையும் சேர்ந்து போட்டோம். இதை நான் தனியாப் போட்டேன், என் கைக்கு இப்ப இவ்வளவுதான் முடியும். விதிப்படி இருபத்திமூணு ஆச்சு, அனுப்பு.