மிஷினைக் கெடுத்தவள்

...அதான் சொல்றேன், கால்ல பலம் இருக்கலாம் மெக்கானிக்கண்ணே, அத தையல் மிஷின் மேலயா காட்டுறது? பெடல ஒரு மிதி மிதிச்சாள்னா அடுத்த தெருவுல துணி காயப்போடுறவங்க திரும்பிப் பாப்பாங்க. நானும் எத்தன தடவ சொல்லிட்டேன்... மெதுவா மிதிம்மா, அது மிஷின், கரப்பான்பூச்சி இல்லன்னு. கேட்டாத்தானே!

உக்காருங்க, உக்காருங்க... அய்யய்யோ அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இதுல உக்காருங்க. வெளிச்சம் போதுமா? பாத்தீங்களா, நீங்க சும்மா சக்கரத்த சுத்துனதுக்கே 'கர்ர்ர்'ங்குது. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, 'எனக்கு ஒண்ணும் கேக்கலயே'ங்கறாரு. அவருக்கு நான் கூப்புடுறதே கேக்காது, அது வேற விஷயம்.

யாரச் சொல்றேனா? சின்னவளத்தான். என் கொழுந்தன் பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே மிஷின், நாங்க ரெண்டு பேரு. காலையில நான் தைப்பேன், அவ எதிர்ல நின்னு வெட்டுவா. மத்தியானம் எடம் மாறிக்குவோம். ஆறு வருஷமா இப்பிடித்தான் ஓடுது. ஓரகத்திங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில, அதுவும் கையில கத்திரிக்கோலோட... இன்னும் ரெண்டும் உசிரோட இருக்கேன்னு தெருவே ஆச்சரியப்படும். அப்பிடி இருந்தோம்ண்ணே. கண்ணு பட்டுருச்சு.

போன வாரத்துக்கு முந்தியே இந்த சத்தம் ஆரம்பிச்சிருச்சு. 'அக்கா, மிஷின்ல ஏதோ இருக்கு'ன்னா. என்ன இருக்கும்? பேயா இருக்கும்? காலையில எனக்கும் லேசா கர்ருன்னுச்சுதான்... அது தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். வியாழக்கிழமை பாருங்க, எங்ககிட்ட தைக்கக் குடுக்குற டீச்சரம்மாவோட மேல்சட்ட. மெல்லிசு துணி, ஊதுனா பறக்கும். சின்னவ காலர் வச்சிக்கிட்டிருக்கா, டீச்சரம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க, படக்குன்னு மிஷின் நின்னு, ஊசி ஒடஞ்சு, துணிய மாடு மெல்லுற மாதிரி மென்னுடுச்சு! அப்பவும் அவ, 'அக்கா, மிஷின்லதான்...'ங்கறா. எனக்கு வந்துச்சே கோவம்! 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்... ஒன் கால சரி பண்ணு மொதல்ல'ன்னு கேட்டுட்டேன். டீச்சரம்மா முன்னாடியே கேட்டேன்.

அளவு நாடாவ சுருட்டுனா, கத்திரிக்கோல ஒறையில போட்டா, ரூமுக்குள்ள போய் கதவச் சாத்துனா. அவ்ளோதான். இன்னியோட எட்டு நாளு. 'உப்பு எங்க'ன்னு கேக்குறதுக்குக்கூட எங்க வீட்டுக்காரர தூது அனுப்புறா. அவரு என்னடான்னா பாதி வழியிலயே எத கேக்க வந்தோம்னு மறந்துட்டு நிக்கிறாரு.

இப்ப திங்கக்கிழமையில இருந்து தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போறாளாம். பெரிய கம்பெனி, பஸ்ஸே வந்து ஏத்திக்கிட்டுப் போகுதாம். போட்டோ எல்லாம் குடுத்துட்டு வந்துட்டா. அங்க போய் என்ன தைக்கப்போறான்னு கேளுங்க... பாக்கெட்டு! நாள் முழுக்க பாக்கெட்டு மட்டும்! அவ காலர் வச்சா காகிதத்த மடிச்ச மாதிரி நிக்கும்ண்ணே. எனக்கு இன்னிக்கி வரைக்கும் காலர் வராது, வெளிய சொல்லிராதீங்க. அப்பிடிப்பட்ட கை பாக்கெட்டு தைக்கப் போகுது.

போனா போகட்டும்! எனக்கென்ன?

...என்ன போகட்டும். மத்தியானம் ஆனா கை தானா ரெண்டு டீ போடுது. எட்டு நாளா ஒரு டீயத் தொட்டியில ஊத்துறேன்.

அதான் உங்களக் கூப்ட்டேன். நீங்க தொறந்து பாத்துட்டு, 'மிதிச்ச கோளாறுதாம்மா'ன்னு ஒரே ஒரு வார்த்த, அந்த ரூமுக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டீங்கன்னா போதும். அவ வந்து மன்னிப்பு கேப்பா, நானும் பெருந்தன்மையா மன்னிச்சிருவேன், திங்கக்கிழம பஸ்ஸு காலியாப் போவும். எல்லாருக்கும் நல்லது.

என்ன, ஊசியவே பாக்குறீங்க? அத விடுங்க, ஊசி நல்லாருக்கும். அது என் பொறுப்பு. அவகிட்ட விட்டா மூணு துணிக்கு ஒரு ஊசி மாத்துவா! நகத்து மேல முனைய வச்சு இழுத்துப் பாப்பா, கீறல் விழுந்துச்சோ, 'மழுங்கிருச்சுக்கா'ன்னு தூக்கி மிட்டாய் டப்பாவுல போட்ருவா. மழுங்குனா தூக்கிப் போட்டுறதா? எங்க வீட்டுக்காரருக்கு மூள மழுங்கி எத்தன வருஷமாச்சு, வச்சு சோறு போடலையா?

அந்த டப்பாவப் பாத்து எனக்கு வயிறு எரியும்ண்ணே. முப்பது ஊசி இருக்கும். மேல் வீட்டம்மா இருக்காங்கள்ல, எம்ப்ராய்டரி போடுறவங்க... அவங்கதான் வழி காமிச்சாங்க. மரம் தேய்க்கிற நைஸு உப்புத்தாள எடுத்து, ஊசிய சாச்சுப் புடிச்சு, உருட்டி உருட்டி முனையத் தேச்சு, எண்ணெத் துணியில தொடச்சு... அடேங்கப்பா, புதுசு மாதிரி! நானும் ஒரு ஊசிக்குச் செஞ்சு பாத்தேன். மணிக்கட்டு விட்டுப்போச்சு. இன்னும் இருபத்தொம்பது இருக்கு டப்பாவுல.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசன. நாந்தான் யோசிச்சேன், யாரும் சொல்லித்தரல. மோட்டாரு வச்ச மிஷின வீட்ல வச்சிக்கிட்டு எவளாவது கையால தேப்பாளா? மழுங்குன ஊசிய மிஷின்லயே மாட்டு. நூல் வேணாம். துணி வைக்கிற எடத்துல உப்புத்தாள வையி. மிதி! கையால நாள் பூரா தேக்குறத மிஷினு மூச்சு விடுறதுக்குள்ள குத்தித் தீட்டிருது. எங்க வீட்டுக்காரரு அலமாரிய தேச்சு வார்னிஷ் அடிக்கன்னு வாங்கி, தேய்க்காம போட்ட உப்புத்தாளு கட்டு கட்டா கெடந்துச்சு. தெனம் காலையில, சின்னவ எந்திரிக்கறதுக்குள்ள, ஒரு ஊசி, மிஞ்சுனா ரெண்டு. எப்பிடி?

...ஏன், ஸ்க்ரூடிரைவர கீழ வச்சிட்டீங்க?

என்னண்ணே அப்பிடிப் பாக்குறீங்க. எத்தன நாளா செய்யறேனா? மூணு வாரம் இருக்கும். சத்தமா? அது... ரெண்டு வாரமா.

பேப்பர் வேணுமா? இந்தாங்க, பழைய பேப்பரு. என்ன தட்டுறீங்க அதுலருந்து... அட, இவ்ளோ தூசியா! நான் சொல்லல? ஜன்னலத் தொறந்து போட்டுத் தைப்பா, தெருப் புழுதி மொத்தம்... புழுதி இப்பிடி மினுக்காதா? ஏன், மினுக்குற புழுதியும் இருக்கும்ல? ...தொட்டுப் பாக்கணுமா?

சொரசொரங்குது... உப்புத்தாளு மாதிரி.

அடிநூல் பாபின் சுத்துற எடத்துலயா? துணிய நகத்துற பல்லுக்கு அடியிலயுமா? எண்ணெயோட சேந்து உள்ளயே அரைச்சிக்கிட்டிருந்துச்சா...

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. எனக்கு மேல் வீட்டம்மா மேலதான்... இல்ல, அவங்க கையாலதான் செஞ்சாங்க. தனியா ஒக்காந்து, தொடச்சு வேற வச்சாங்க. சரி, இந்த மனுஷன் உப்புத்தாள வாங்கி அலமாரியில தேச்சுத் தொலச்சிருந்தா... அதுவும் இல்லங்கறீங்க. ஒங்க மூஞ்சி சொல்லுது. தவள தன் வாயால கெடும்பாங்க, நான் வாயாலயும் கெட்டேன், மூளையாலயும் கெட்டேன்.

மிஷின் பொழைக்குமா? ...சுத்தமா கழுவி எண்ணெ விட்டுட்டீங்களா? சுத்துங்க பாப்போம்... ஆமா, சத்தமே இல்ல. அப்பாடி! ஆங்... ஆங்... கேக்குறேன். ஊசியத் தீட்டணும்னா கழட்டி, மிஷினுக்குத் தூரமா வச்சு, கையாலதான். தொடைக்காம மாட்டக் கூடாது. மிஷின் ஊசி மழுங்குனா பேசாம மாத்திரணும், அதான் நல்லது. ம்... மூணு துணிக்கு ஒருக்கா.

சின்னவ சொன்னதுதான்.

அண்ணே, ஒரு ஒதவி. போறப்ப அந்தக் கதவுக்கிட்ட நின்னு, 'பழைய மிஷின்னா இப்பிடித்தான், யார் மேலயும் தப்பில்ல'ன்னு... பொய்யில்லண்ணே, பழைய மிஷின்தானே! என் மேல இல்லன்னுகூட வேணாம், யார் மேலயும் இல்லன்னா போதும்... அட, ஏன் பைய மாட்டுறீங்க? டீ போடுறேன், ஒரு டீ அதிகமாத்தான் இருக்கும்... அண்ணே? ...அண்ணே!

போயிட்டாரு. செருப்பக்கூட கையில எடுத்துக்கிட்டு ஓடுறாரு மனுஷன்.

...டீச்சரம்மா முன்னாடி சொல்லிட்டேனே. அவ மொதல்லருந்தே மிஷின்ல ஏதோ இருக்கு, ஏதோ இருக்குன்னா. ஏதோ இருந்துச்சு. நான் போட்டது இருந்துச்சு. வெக்கமா இருக்கு.

இந்தப் பேப்பர மடிச்சு... கொட்டிராம... ம்.

சின்னவளே. கதவத் தொற. ...நாந்தான், வேற யாரு. ...ஆமா, மெக்கானிக்கு வந்துட்டுப் போயிட்டாரு. மிஷினக் கெடுத்தவ யாருன்னு தெரிஞ்சிருச்சு. ...இல்ல, நீ இல்ல. ஒன் காலும் இல்ல. ...யாருன்னா, நீ மொதல்ல தொற, கையிலயே ஆதாரம் வச்சிருக்கேன். ...சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பறந்தான் சொல்லுவேன்.

...சரி, வேணாம். சத்தியம் எல்லாம் வேணாம். சிரி. நல்லா சிரிச்சுக்க. எட்டு நாளாச்சு இந்த வீட்ல நீ சிரிச்சு.