கண்மாய் முழுக்கு

– தலையில தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் குடுக்கிற சபை ஊருக்கு ஊரு இருக்குய்யா. அவன அங்க போகச் சொல்லு. நம்ம சபையில எதுக்குச் சேக்கிற?

– முழுகணும்னு கேட்டு வந்தவர, போன்னு சொல்ல பாஸ்டரான எனக்கு அதிகாரம் இல்லம்மா.

– வந்தவராம்ல, வந்தவரு. உங்கப்பாவ வெட்டுன உக்கிரபாண்டிக்கு மரியாத வேற.

– நேரமாகுது, சேலைய மாத்து. சபைக்கு இன்னைக்கு முப்பதாவது வருசம். சபை வரலாறு நான்தான் வாசிக்கணும்.

– என்னன்னு வாசிப்ப?

– என் தகப்பனார் கண்ணுச்சாமி ஐயா கூரைக் கொட்டகையில் சபையைத் தொடங்கினார், சில எதிர்ப்புகளைக் கடந்து சபை வளர்ந்ததுன்னு.

– எதிர்ப்பாய்யா அது? இடுப்பளவு தண்ணியில நிக்கிறாரு உங்கப்பா. ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ள பாண்டீஸ்வரிய முழுக்கி எடுக்க, ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சிருக்காரு. எங்க கண்மாயில எப்படிடா எறங்குனீங்கன்னு அருவாளோட எறங்கி வாரானுக. மொத வெட்டு உக்கிரபாண்டி வெட்டுனது, பின்கழுத்துல. கைய எடுத்தா பிள்ள முங்கிரும்னு எடுக்கல மனுசன். அடுத்த வெட்டுல காது தொங்குது. அந்தப் பிள்ள வாயி மூக்கு பூராம் உங்கப்பா ரத்தம்.

– கரையில நின்னு பாத்தவன்மா நான்.

– பாத்தேல்ல? அன்னைக்கே கொட்டகைக்கும் தீய வச்சானுக. கோர்ட்டுல வாயத் திறக்க ஒருத்தன் வரல. உக்கிரபாண்டி விடுதலையாகி மாலையும் கழுத்துமா ஊருக்குள்ள வந்தான்.

– இப்ப மனந்திரும்பிட்டேன்னு அழுகுறாரு.

– அழுகட்டும். புழுத்துச் சாகட்டும். அவன் குடலு எங் கண்ணு முன்னால சரியணும்னுதான் இம்புட்டு வருசமா முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன். கர்த்தருக்குக் காதே கேக்கல.

– கேட்டிருச்சுன்னு வச்சுக்கோம்மா.

– என்னய்யா சொல்ற?

– முழுக்கு, சபையில கட்டியிருக்க தொட்டியில இல்ல. கண்மாயில.

– கண்மாயிலயா? ஜேசிபி வச்சு மண்ணள்ளி ஆளு உயரத்துக்குப் பள்ளமாக் கெடக்கு. அவன் இழுப்பு நோவுக்காரன், நீச்சலும் தெரியாது.

– தெரியும்மா. பள்ளத்து ஓரமாத்தான் நிப்பாட்டப் போறேன். அப்பா விழுந்த எடம்.

– அருணு. இங்க பாரு. என்னையப் பாத்துப் பேசு.

– பிதா குமாரன்னு சொல்லி முக்கினா, கொஞ்ச நேரம் சேத்துப் பிடிச்சாப் போதும்மா. வயசான மனுசன், தண்ணிக்குள்ள இழுப்பு வந்து போயிட்டாருன்னு சொல்லிருவாங்க. பாஸ்டர யாரு சந்தேகப்படப் போறா?

– அடப்பாவி. உங்கப்பா எறங்குன தண்ணிய்யா அது.

– நீ கேட்டதத்தான செய்யப் போறேன். அப்புறம் எதுக்கு அழுகுற?

– நான் கேட்டது கர்த்தர்ட்டய்யா. உன்னையவா கேட்டேன்?

– எனக்கும் அப்பாம்மா அவரு. ஆறு வயசுல இருந்து கண்ண மூடுனா அந்தக் காதுதான் தொங்குது. என்னைய விட்ரு.

– அந்த வெள்ளச் சேலைய எடு. நானும் தண்ணிக்குள்ள வாரேன்.

– நீ எதுக்கு? நான் ஒருத்தன் போதும்.

– ஒரு பக்கம் நீ பிடி, மறுபக்கம் நான் பிடிக்கிறேன். அவன் செத்தா எனக்கென்ன, இருந்தா எனக்கென்ன. ஆனா கொலகாரனுக்கு ஆத்தாவா நான் கரையேற மாட்டேன். நீ அமுக்கு, அவன நான் தூக்குறேன்.