ஈயத் துளி

— பார்த்தீங்களா அண்ணி, டிஸ்க் சுத்தக்கூட இல்ல. தட்டு உள்ளே போகுது, ‘டிஸ்க் இல்லை’ன்னு காட்டுது. விடுங்க... ஷட்டரை இறக்கிடலாம்.

— இருங்க தம்பி. என்ன பேச்சு பேசினோம்? இந்த சி.டி. பிளேயர் பாடினா கடையை மூட வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க.

— பாடினா! முப்பது வருஷத்துக் கிழம். மூணு கடை கைவிட்டது. அண்ணன் உயிரோட இருந்திருந்தா எப்படியாவது எழுப்பியிருப்பார். எனக்கு வீட்டு ஒயரிங்தான் தெரியும்.

— புது லென்ஸ் மாட்டியாச்சு இல்ல?

— புதுசா? கராவோக்கே மெஷின்ல இருந்து பிடுங்கினது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— பெட்டிதான் வேற. உள்ளே ஒரே லென்ஸ்தான். கம்பெனி செய்யறதை நிறுத்திட்டா இப்படித்தான் தேடிப் பிடிக்கணும்.

— இதெல்லாம் யார் சொன்னா?

— ...இந்தக் கடையிலதானே கிடக்கேன். சரி, லென்ஸ் பக்கத்துல ஒரு ஈயத் துளி இருக்குமே, எடுத்தீங்களா?

— அதுவா? கூடவே வந்ததாச்சேன்னு...

— விட்டுட்டீங்க. சரியாப் போச்சு. கழட்டும்போது நம்ம உடம்புல இருக்கிற கரண்ட் பட்டு லென்ஸ் செத்துடக் கூடாதுன்னு வைக்கிற துளி அது. ஒயரை மாட்டினதும் உருக்கி எடுத்துடணும்.

— அப்போ கழட்டினவன் விவரமான ஆளுதான். யாரு, பழைய சாமான் கடைக்காரரா?

— சால்டரிங் அயர்ன் சூடாயிடுச்சு. லேசாத் தொட்டு எடுங்க... ஐயோ, சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி தேய்க்காதீங்க.

— உருகுது... வந்துடுச்சு.

— டிஸ்கைப் போடுங்க.

— சுத்துது அண்ணி... நம்பர் காட்டுது. பதினாலு பாட்டு...

— பேசாம இருங்க.

— பாடுது.

— பாடுது. சவுண்டைக் கூட்டுங்க. உங்க அண்ணன் இருந்தா இந்நேரம் தெருவையே கூப்பிட்டிருப்பார்.

— அண்ணி... ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது.

— சொல்லுங்க.

— இந்த இடத்தை வாடகைக்குக் கேட்ட மொபைல் கவர் விக்கிறவர்கிட்ட கடையோட இன்னொரு சாவியை நேத்தே கொடுத்துட்டேன். இது எங்கே பாடப்போகுதுன்னு...

— போய் வாங்கிட்டு வாங்க.

— வாங்கிடறேன். ஆனா நாளைக்கு இன்னொரு மெஷின் வருமே, அதை யார் பார்ப்பா?

— இத்தனை வருஷமா பார்த்தவங்கதான். உங்க அண்ணன் வாடிக்கைக்காரங்ககிட்ட நல்லாப் பேசுவார், மெஷினை நல்லாக் கழட்டுவார். திரும்ப மாட்டினதெல்லாம் நான்தான், தம்பி.