அம்மாட முழங்காலுக்குச் சுடுதண்ணி

இல்ல அன்ரி, அதுல இரிக்காதீங்க, அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம். இதுல இரிங்க. ம், இப்ப சொல்லுங்க. ஓம், ஜெயந்தன் எங்கட கந்தோர்தான். காணிப் படம் கீறுறவர். என்ட மேசையில இருந்து ரெண்டு மேசை தள்ளி. இப்ப ஆள் இல்ல. அதுவும் நல்லதுதானே, மாப்பிள்ளைக்கு முன்னால இருந்து மாப்பிள்ளைய விசாரிக்க ஏலுமா? சாப்பாட்டு நேரம், நானும் சும்மாதான் இரிக்கிறன். கேளுங்க.

குடிக்கிறதா? ஐயோ, அது இல்ல. ஒரு சோடா குடிச்சாலே ஏவறை வந்து ஒரு மணித்தியாலம் நெஞ்சத் தடவிக்கொண்டிரிப்பாரு. சிகரட்டும் இல்ல.

குணமா? அன்ரி, ஒரு ஆள்ர குணத்த கந்தோர்ல வெச்சுக் கண்டுபிடிக்க ஏலா. இஞ்ச எல்லாரும் நல்லவங்கதான், நாலரைக்கு வீட்ட போறாங்க. குணம் தெரியோணும் எண்டா ரெண்டு நாள் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போகணும். நான் போனன். அதுதான், நீங்க வேற ஆரிட்டயும் கேக்காம என்னட்ட வந்தது நல்லம்.

அப்பிடிப் பாக்காதீங்க அன்ரி. தனிய இல்ல. எங்கட கந்தோர் டிரைவர் றிஸான், ஏறாவூர்க்காரர், அவர்ர மனுசி அம்னா, ஜெயந்தன், நான். மறுகா எங்கம்மா. எங்கம்மா கண்ணகை வராம நான் எங்க போக? எனக்கு முப்பத்தஞ்சு வயசு. அவக்கு நான் இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போற பொட்டைப் பிள்ளை.

போன மாசம் பௌர்ணமிப் போயா வெள்ளிக்கிழமையில வந்திச்சே, அந்த லீவுக்குத்தான். றிஸான்ட மாமனாருக்கு மாட்டு யாவாரம். அவருக்கு மாட்டுப் பட்டிக்காரர் சொன்னாங்களாம், உன்னிச்சைக் குளத்துக்கு அங்கால, காட்டுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் நடந்தா ஒரு சுடுதண்ணி ஊத்து இரிக்கெண்டு. மகாஓயாவுல உள்ள மாதிரிக் கட்டு, டிக்கட், வரிசை ஒண்டும் இல்லயாம். ஒரு ராத்திரி டென்ட் அடிச்சுத் தங்கிட்டு வரலாம் எண்டாரு றிஸான். இதக் கேட்டதும் எங்கம்மாவுக்கு முழங்கால் நோகத் தொடங்கிட்டு. சுடுதண்ணி முழங்காலுக்கு நல்லமாம், அவவும் வாறாவாம். அதுக்கு முதல் நாள்தான் மாமாங்கக் கோயில மூணு தரம் சுத்தி வந்தவ.

ஜெயந்தன் என்ன செஞ்சாரு தெரியுமா? மூணு நாளாக் கந்தோர்ல இருந்து, அந்தக் காட்டுக்குப் போற வழிய கலர் பென்சிலால கீறினாரு. ஆறு நீலம், மரம் பச்சை, நாங்க நடக்கிற பாதை சிவப்பு. வடக்கு எதெண்டு ஒரு அம்புக்குறி, அதுக்குக் கீழ தன்ட கையெழுத்து. வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு. காட்டுக்குள்ள கால் வெச்சு அரை மணித்தியாலத்துல அந்தப் படத்துல நாங்க எங்க நிக்கிறம் எண்டு ஆருக்கும் தெரியாது, கீறினவருக்கும் தெரியாது. போன்ல சிக்னல் முதலே போயிட்டு.

சிரிக்கிறீங்க. இன்னும் கேளுங்க. உண்ணி கடிக்கும் எண்டு பயந்து, சொக்ஸுக்கு மேல, உள்ள, எல்லா இடமும் சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்தாரு மனிசன். போற வழியில ஒரு சின்ன ஆறு, முழங்காலளவு தண்ணி. கடந்து மேல ஏறினா, ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்துக்குள்ளால நுரை பொங்குது. கால் வெச்ச இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா. அம்னா சிரிச்சுச் சிரிச்சு வயித்தப் புடிச்சுக்கொண்டு நிலத்துல இருந்திட்டா. ஜெயந்தன்ட முதுகுல எங்கம்மாட புட்டுப் பானை வேற. ஓம், புட்டுப் பானை. கடைச் சாப்பாடு தனக்கு ஒத்து வராதெண்டு அத றிஸான்ட வான்ல ஏத்தினவ, காட்டுக்குள்ள அத ஆரு தூக்குறதெண்டு அவ யோசிக்கயில்ல. அவர்தான் வாங்கி முதுகுல கட்டிட்டாரு.

பின்னேரம் மூணு மணி போல, கண்டிட்டன், கண்டிட்டன் எண்டு கத்துறாரு. போய்ப் பாத்தா பத்தைகளுக்கு நடுவுல ஒரு குட்டை. தண்ணி கலங்கல், சேத்து மணம். ஜெயந்தன் சப்பாத்தக் கழட்டிக் கால விட்டுப் பாத்து, சுடுது, சத்தியமாச் சுடுது எண்டாரு. எங்கம்மா ஒரு நிமிசம் சுணங்கயில்ல. சீலையத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு சேத்துல இருந்திட்டா. அரை மணித்தியாலம். கண்ண மூடிக்கொண்டு சொல்றா, ஆ, நரம்பெல்லாம் இளகுது மகள், மருந்து மருந்துதான் எண்டு. என்னையும் வா வா எண்டு கூப்பிட்டா. நான் அந்த மணத்துக்குப் போகயில்ல.

அப்ப அவட பக்கத்துல சேறு மெல்ல அசைஞ்சிச்சி. முதல் ரெண்டு கொம்பு வந்திச்சி. மறுகா ரெண்டு கண். மறுகா ஒரு முழு எருமை.

அது பாவம், ஒண்டும் செய்யயில்ல, மூக்கால ஒருக்கா ஊதிச்சி, அவ்வளவுதான். எங்கம்மா அதுல இருந்து ஒழும்பி ஓடின ஓட்டத்த நீங்க கண்டிருக்கணும் அன்ரி. முழங்கால் சுகம் போல எண்டு அம்னா கேட்டா. இப்ப வரைக்கும் எங்கம்மா அம்னாவோட சரியாக் கதைக்கிறல்ல.

அந்த எருமையத் தேடி வந்தாரு நல்லரத்தினம் எண்டொரு பட்டிக்காரர். வந்தவர் எங்களப் பாத்தாரு, சேறு பூசின எங்கம்மாவப் பாத்தாரு, ஜெயந்தன்ட படத்தப் பாத்தாரு. தம்பி, இது மாடு கிடக்கிற மடு, இந்த வெயிலுக்கு எந்தத் தண்ணியும் சுடும்தானே, ஊத்து நீங்க தாண்டி வந்த பக்கம், ஒரு கட்டை தூரம் வந்த வழியே கிறுகிப் போகணும் எண்டாரு. ஜெயந்தன்ட முகத்தப் பாக்கணுமே. அந்தப் படத்த நாலா மடிச்சுப் பொக்கட்டுக்குள்ள வெச்சிட்டு, மன்னிச்சுக்கொள்ளுங்க அன்ரி எண்டு எங்கம்மாட்டச் சொன்னாரு. கோவம் இல்ல, சாட்டுப்போக்குச் சொல்லயில்ல. எனக்குத் தெரிஞ்ச ஆம்பிளயள்ல பிழை விட்டா உடன மன்னிப்புக் கேட்டது அவர் ஒராள்தான். நான் குறையா இதச் சொல்லயில்ல. நிறைவாவும் சொல்லயில்ல. நடந்தத சொல்றன்.

தேத்தண்ணி குடிக்கிறீங்களா? இல்லையா? சரி, போகக்குள்ள குடிக்கலாம்.

நல்லரத்தினம் கூட்டிக்கொண்டு போய் இடத்தக் காட்டிட்டுப் போனாரு. உண்மையான ஊத்து, அன்ரி, பெரிசா ஒண்டும் இல்ல. கல்லுகளுக்கு இடையில நாலஞ்சு குழி, கிணத்து வாய் அளவு கூட இல்ல. ஆனா விடியப்புறம் பாக்கணும். பனிக்குள்ளால ஆவி எழும்புது, அவிச்ச முட்டை மாதிரி ஒரு மணம், காட்டுக்கோழி கூவுது. நான் டென்ட்டுக்குள்ள இருந்து போர்வையோட வந்து, வெயில் ஏறுற வரைக்கும் அந்தக் கல்லுலயே இருந்தன்.

மணம் முட்டை மாதிரி இரிந்ததோ என்னவோ, றிஸானுக்கு முட்டை அவிக்க ஆசை வந்திட்டு. வலை இல்ல. ஜெயந்தன் தன்ட புதுச் சொக்ஸ் ஒண்டுக்குள்ள ஆறு முட்டையப் போட்டு இறக்கினாரு. சவர்க்காரம் பூசாத சோடிதான், எங்கம்மா ரெண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திட்டா. றிஸான் நாலு சாப்பிட்டாரு.

எங்கம்மாவுக்கு அந்தத் தண்ணியில கால் வெக்க ஏலாது, அவ்வளவு சூடு. ஜெயந்தன் புட்டுப் பானைய எடுத்துக்கொண்டு கீழ ஓடைக்குப் போனாரு. பச்சைத் தண்ணி கொண்டு வந்து பக்கத்துக் கல்லுக் குழியில ஊத்தி, மறுகா சுடுதண்ணி ஊத்தி, கைய விட்டுப் பாத்து, இன்னொருக்கா ஓடைக்குப் போய்... எத்தன தரம் எண்டு நான் எண்ணயில்ல. அம்மா ஒரு மணித்தியாலம் கால வெச்சுக்கொண்டு இருந்தா. ஆறிட்டு, ஆறிட்டு எண்டு அம்மா சொல்லச் சொல்ல அவர் ஊத்திக்கொண்டே இருந்தாரு. ஆரும் அவரச் செய்யச் சொல்லிக் கேக்கயில்ல.

இல்ல அன்ரி, முடியயில்ல. வீடு வாற வழியிலதான் விசயமே நடந்திச்சி.

திரும்பி வரக்குள்ள எங்கம்மா ஒரு வேர்ல தடக்கிப் பாதம் பிரண்டிட்டு. முழங்கால் இல்ல, பாதம். சும்மா நடிப்பில்ல, இந்த முறை உண்மையான வருத்தம், கால் வீங்கிட்டு. நடக்க ஏலா. ஜெயந்தன் குனிஞ்சு, ஏறுங்க அன்ரி எண்டு முதுகக் காட்டினாரு. ஆள் மெலிவு, நீங்க போட்டோவுல கண்டிருப்பீங்க. எங்கம்மா அப்பிடி மெலிவில்ல. புட்டுப் பானைய நான் தூக்கினன். எங்கம்மா மேல இருந்துகொண்டு தம்பி இங்கால போங்க, அங்கால கல்லு, தலைக்கு என்ன எண்ணெய் பூசுறீங்க, முடி கொட்டுது எண்டு கதைச்சுக்கொண்டே வாறா.

ஒரு வளைவு. கிறுகினா, பாதையில யானை.

தனியன். நாங்க நிண்ட இடத்துக்கும் அதுக்கும் இந்தக் கந்தோர் நீளம் கூட வராது. றிஸான் அம்னாட கையப் புடிச்சு இழுத்துக்கொண்டு பெரிய பாலை மரத்துக்குப் பின்னால போயிட்டாரு. மற்ற ஆள்... மற்ற ஆள் நான், அன்ரி. நானும் ஓடினன். பானையையும் போட்டிட்டு, பெத்த தாயையும் விட்டிட்டு ஓடினன். நினைச்சு ஓடயில்ல, கால் தானா ஓடிட்டு. மரத்துக்குப் பின்னால போய்க் கிறுகிப் பாத்தாத்தான் தெரியுது, அம்மா அங்க.

ஜெயந்தன் அசையயில்ல. உண்ணிக்குப் பயந்தவர், எருமை மடுவ ஊத்தெண்டவர், அந்த ஆள் எங்கம்மாவ முதுகுல வெச்சுக்கொண்டு நடுப்பாதையில நிக்கிறாரு. எறக்கி விட்டிட்டு ஓடியிருக்கலாம். ஆரும் குறை சொல்லியிருக்கமாட்டாங்க, மகளே ஓடிட்டாளே. எங்கம்மா கண்ண மூடிக்கொண்டு, பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா எண்டு நேரா அந்த யானையிட்டயே முறையிடுறா. யானை காத ஆட்டுது, மண்ண அள்ளி முதுகுல போடுது, ஒரு கொப்ப முறிச்சுத் திங்குது. எவ்வளவு நேரம் எண்டு தெரியா. றிஸான் இருவது நிமிசம் எண்டுறாரு. எனக்கு அது என்ட சீவியத்துல பாதி.

மறுகா அது தன்ட பாட்டுல காட்டுக்குள்ள இறங்கிப் போயிட்டு.

நான் ஓடி வந்தன். அம்மாவ எறக்குங்க எண்டன். அவருக்குக் கை விறைச்சிட்டு அன்ரி, விரல் விரியுதில்ல. நானும் அம்னாவும் ஒவ்வொரு விரலாக் கழட்டி எடுத்தம். எங்கம்மா கீழ இறங்கி நிண்டு கேக்கிறா, ஏன் தம்பி என்னப் போட்டிட்டு ஓடயில்ல எண்டு. அவர் சொல்றாரு, பயத்துல கால் எழும்பயில்ல அன்ரி எண்டு. ஒரு பெரிய கதை விட்டிருக்கலாம். அந்த இடத்துல அவர் என்ன சொல்லியிருந்தாலும் நாங்க நம்பியிருப்பம். அவர் உள்ளதச் சொன்னாரு. சொல்லிட்டு, உங்களுக்கு ஒண்டும் இல்லையே எண்டு என்னக் கேட்டாரு. ஓடின என்னை.

எங்கம்மா அவரயும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. மறுகா திரும்பவும் அவர்ர முதுகுல ஏறினா. வான் நிண்ட இடம் வரைக்கும் காதுக்குள்ள என்னவோ கேட்டுக்கொண்டே வந்தா. எனக்கு ஒண்டும் கேக்கயில்ல. ஒண்டு மட்டும் கவனிச்சன். போகக்குள்ள அன்ரி, அன்ரி எண்டு போன மனிசன், வரக்குள்ள மாமி, மாமி எண்டு வந்தாரு.

ஆ? நல்லவரா எண்டா? நல்லவர்தான். அவரப் போல ஒராள நீங்க விளக்கு வெச்சுத் தேடினாலும் கண்டுபிடிக்கமாட்டீங்க. அதுதான் பிரச்சினை. உங்கட மகள்ர பேர் கஜானியா? நல்ல பேர். கல்லடியில அவக்குச் சீதனமா மேல்மாடி வீடு கட்டி, மாபிளும் பதிச்சிட்டீங்க எண்டு கேள்விப்பட்டன். அந்த வீட்டுக்கு நல்ல மாப்பிள்ளை கட்டாயம் வருவாரு அன்ரி, நானும் நாலு இடத்துல விசாரிச்சுச் சொல்றன். எங்களுக்கு வாடகை வீடுதான், அதுவும் மழைக்கு ரெண்டு இடத்துல வாளி வெக்கணும். அவருக்கு அது தெரியும். வாளிய நான் தூக்குறன் எண்டாரு.

ஓம் அன்ரி. போன புதன்கிழமை, காலம பத்தரைக்கு. றிஸானும் அம்னாவும் சாட்சிக் கையெழுத்து வெச்சாங்க. எங்கம்மா நொண்டி நொண்டி வந்தா. எங்கட கலியாணப் பதிவு முடிஞ்சிட்டு.

கோவிக்காதீங்க. நீங்க வந்து இரிந்த உடனயே சொல்லியிருக்கணும். சொல்லத்தான் வாயத் திறந்தன், வேற கதை வந்திட்டு. அவர் தன்ட அம்மாட்ட இன்னும் சொல்லயில்ல. அவட மகனுக்கு நான் மூணு வயசு மூப்பு, எனக்கு வீடு வளவும் இல்ல. நீங்க இண்டைக்கு வருவீங்க எண்டு அவதான் அவருக்கு நேத்து போன் எடுத்துச் சொன்னவவாம். அதக் கேட்டு அவர் காலமையே ஒரு படச் சுருளையும் தூக்கிக்கொண்டு வாகரைப் பக்கம் காணி பாக்கப் போயிட்டாரு.

இரிங்க அன்ரி, ஏன் ஒழும்புறீங்க, தேத்தண்ணி சொல்லிட்டன், வருது. குடிச்சிட்டுப் போங்க. உங்களுக்குச் செட்டிபாளையம்தானே, அதே பஸ்தான் பெரியகல்லாறு வரைக்கும் போகுது. நீங்க உங்கட இடத்துல இறங்காம இன்னும் கொஞ்சத் தூரம் போய், அவர்ர அம்மாட்ட இத ஒரு சொல்லு சொல்லிருவீங்களா? நீங்க பெரிய ஆள், நீங்க சொன்னா அவ கேப்பா. அவருக்குச் சொல்லப் பயமாம்.

எனக்கும்தான்.