ஒத்திகைப்படி

கணவன்: ...சொன்னேனா இல்லையா? அபாய மணி அடிச்சதும் கேஸை மூடினேன், மெயினை அணைச்சேன், பையை எடுத்தேன். தெருவுக்கு வந்தாச்சு. மத்த வீட்டுக்காரங்க இன்னும் செருப்பைத் தேடிட்டிருக்காங்க!

மனைவி: மெதுவா பேசுங்க. குட்டி நடுங்குறா.

கணவன்: மாசாமாசம் தீ ஒத்திகை வச்சப்ப சிரிச்சியே... 'தளபதி உத்தரவு'ன்னு...

மனைவி: நம்ம கீழ்வீட்டு ஜன்னல்ல புகை வருதுங்க.

கணவன்: வரட்டும். நாமதான் எல்லாரும் வெளிய வந்துட்டோமே.

மனைவி: என்னங்க... அம்மா?

கணவன்: அத்தையா... அவங்களை நீதானே...

மனைவி: நானா? இடுப்புல குட்டி. அம்மாவை எப்படித் தூக்குவேன்?

கணவன்: ஐயோ... ஒத்திகையில...

மனைவி: ஒத்திகையில அம்மா எங்க இறங்கினாங்க? நாற்காலியில உக்காந்து கடிகாரம் பாப்பாங்க. 'போன தடவையைவிட வேகம்'னு கை தட்டுவாங்க. ஒரு நாளாவது அவங்களைத் தூக்கியிருக்கோமா?

கணவன்: இடுப்பு வலிக்கும், வேணாம்னு அவங்கதானே... விடு, நான் மேல போறேன்!

தீயணைப்பு வீரர்: சார், நில்லுங்க! யாரும் உள்ள போகக்கூடாது. மேல ஆள் இருக்கா?

மனைவி: எங்கம்மா... மூணாவது மாடி, படி ஏறினதும் இடப்பக்கம். அவங்களால நடக்க முடியாது.

தீயணைப்பு வீரர்: நடக்க முடியாதவங்களையா விட்டுட்டு வந்தீங்க?... சரி, ஒதுங்குங்க. நாங்க போறோம்.

கணவன்: அழாதே. பதட்டத்துல மறந்துட்டோம். வேணும்னேவா செஞ்சோம்?

மனைவி: அவங்க மேல போய் அஞ்சு நிமிஷமாச்சுங்க.

கணவன்: வந்துடுவாங்க.

மனைவி: அதோ... தூக்கிட்டு வராங்க! அம்மா!

தீயணைப்பு வீரர்: பயப்படாதீங்க, நல்லா இருக்காங்க. கொஞ்சம் புகை போயிருக்கு, அவ்வளவுதான். 'நான் கூப்பிட்டது பிள்ளைங்களுக்குக் கேட்டிருக்காது, திட்டாதீங்க'ன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தாங்க. போய்ப் பாருங்க.

கணவன்: வா... நாமளும் அதையே சொல்லிடுவோம். மணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைன்னு.

மனைவி: எனக்குக் கேட்டுதுங்க.

கணவன்: என்ன சொல்றே?

மனைவி: வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன். என்னை 'பாப்பா'ன்னு கூப்பிட்டு ரெண்டு கையையும் நீட்டினாங்க. குட்டியை இறுக்கிக்கிட்டு இறங்கிட்டேன்... உங்களுக்கு நெஜமாவே கேக்கலையா?

கணவன்: ...நீ இறங்கினப்புறம் என்னையும் கூப்பிட்டாங்க. நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.